முப்பத்தொரு பிரம்பு இருக்கைகள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள்தொட்டு இதுவரை நடந்திராத ஒரு குற்றம் சென்ற வாரம் நடந்தேறிவிட்டது. ஓடுகிற ரயிலில் திருடியவர்கள் உண்டு. நின்ற ரயிலில் திருடியவர்களும் உண்டு. ஆனால் நாற்பது வருடமாக ஓடாத, இனி ஓடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காத, எஞ்சினே இல்லாத ஒற்றை ரயில் பெட்டியிலிருந்து உட்காரும் இருக்கைகளை மட்டும் ஒருவன் கொண்டுபோயிருக்கிறான். சரித்திர ஆசிரியர்கள் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் செய்தி துப்பறியும் நிபுணரின் ஃபோனுக்கு வந்தபோது இவ்வளவு கம்பீரமாக வரவில்லை.

"பெட்டியில திருட்டுப் போயிடுச்சுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"பெட்டி பூட்டியிருந்ததா?"

"பூட்டித்தான் இருந்தது."

"என்ன கலர்?"

"அதுலதாங்க ரெண்டு வருஷமா சண்டை."

நிபுணர் குறிப்பேட்டில் 'நிறம்: தகராறு' என்று எழுதிக்கொண்டார். "கைப்பிடி இருக்கா?"

"நாலு கதவுலயும் இருக்கு. பித்தளை."

"ஒரு ஆள் தூக்கிட்டு ஓடற கனமா?"

மறுமுனை சற்று யோசித்தது. "இருபத்தெட்டு டன்னுங்க."

பக்கத்து நாற்காலியில் நகம் வெட்டிக்கொண்டிருந்த அக்கா மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "விமானத்துல ஏத்த விடமாட்டாங்க மாமா."

'நிபுணர்' என்பது ஊர் கொடுத்த பட்டம் அல்ல. அவரே வாசல் பலகையில் எழுதிக்கொண்டது. அதற்கு முன்னால் இருபது வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, மாடிப்படியில் விழுந்தவர்கள் உண்மையிலேயே விழுந்தார்களா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம். உதவியாளராகச் சேர்ந்த அக்கா மகள் பத்து வருடம் டெலிபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தவள். எதிரே ஒருவர் மாரிலடித்துக்கொண்டு அழுதாலும் "உங்க புகார் எண்ணைக் குறிச்சுக்கோங்க" என்று சொல்லும் நெஞ்சுரம் அங்கே வந்தது.

சனிக்கிழமை காலை இருவரும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு தண்டவாளத் துண்டுகள்மேல் அந்தப் பெட்டி, உடம்பெல்லாம் பாதி சுரண்டப்பட்டு, சட்டையை மாற்றும்போது ஆள் வந்துவிட்டதைப்போலக் கூச்சத்துடன் நின்றது. ஏழெட்டுப் பேர் உப்புத்தாளால் பலகைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆகையால் எல்லோரும் முதலாளி மாதிரிப் பேசினார்கள்.

ஃபோன் செய்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஒல்லி. இரண்டு கை விரல்களும் பாதி மடங்கியபடியே நின்றன.

"முப்பத்திரண்டு சீட்" என்றார். "மரச்சட்டம், நடுவுல பிரம்புப் பின்னல். எல்லாம் நான் பின்னினது. மூணு வருஷம். கடைசி சீட் முடிச்சப்ப டாக்டர் சொன்னார், இந்த விரல் இனி ஊசியில நூல்கூடக் கோக்காதுன்னு. அதனால என்ன, முடிச்சாச்சேன்னு சொன்னேன்." சுவரைக் காட்டினார். "போன சனிக்கிழமை முப்பத்தொண்ணை இந்தச் சுவரோரமா அடுக்கிட்டுப் போனேன். மறந்து வச்ச கண்ணாடியை எடுக்கத் திங்கக்கிழமை வந்து பார்த்தா சுவர்தான் இருந்தது."

"திருடனைப் பிடிச்சுடறேன் டீச்சர்" என்றார் நிபுணர், தோளை நிமிர்த்தி.

"பிடிக்கணும்னு இல்லங்க. யாரா இருந்தாலும் மன்னிச்சுடறேன். சீட்டைக் கொடுத்துடச் சொல்லுங்க, போதும்."

நிபுணருக்கு இது பிடிக்கவில்லை. திருடன் இல்லாத துப்பறிதல் மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி. ஆனால் டீச்சரின் விரல்களைப் பார்த்துவிட்டதால் தலையாட்டினார்.

"முப்பத்தொண்ணுதான் போச்சுன்னா, முப்பத்திரண்டாவது?" என்றாள் அக்கா மகள்.

அது மூலையில் தனியாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. "நாலாவது வரியில பாருங்க, ஒரு இழை மேல போறதுக்குப் பதிலா கீழ போயிடுச்சு. பிரிச்சுப் பின்னணும்னு ஒதுக்கி வச்சேன். அதை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்."

நிபுணர் குனிந்தார், மூக்கு பிரம்பில் இடிக்கும்வரை குனிந்தார், பிழை தெரியவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஞானம் வழிந்தது.

"ஆஹா. இது சாதாரணத் திருடன் இல்ல. ரசிகன். பின்னல் தெரிஞ்சவன். நல்லதை எடுத்து, பழுதை ஒதுக்கியிருக்கான். டீச்சர், இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவங்க இந்த ஊர்ல எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான்."

"கேஸ் முடிஞ்சது மாமா. டீச்சரைப் பிடிச்சுக் கட்டிடலாமா?"

நிபுணர் அவளை முறைத்தார். முறைப்பது அவருடைய மற்றோர் உத்தியோகம்.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே இரண்டு. ஒன்று சனிக்கிழமைக்காரர்களிடம், மற்றொன்று ஞாயிற்றுக்கிழமைக்காரர்களிடம். ஏன் இரண்டு கூட்டம் என்று கேட்டதற்கு டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"இந்தப் பெட்டி முதல்ல ஓடினப்ப பிரம்பு சீட்டு, பச்சை பெயிண்ட். பிற்பாடு மாத்தி மெத்தை வச்சு சிவப்பு அடிச்சாங்க. எந்தக் காலத்துக்கு மீட்கறதுன்னு சண்டை வந்துடுச்சு. எங்க கட்சி பிரம்பு. அந்தக் கட்சி மெத்தை. ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கமாட்டோம்னு ஆச்சு. தலைவர்தான் சமரசம் பண்ணினார்."

தலைவரின் சமரசம் எளிமையானது. சங்கம் உடையக் கூடாது என்பதற்காக அவர் வாரத்தை உடைத்துவிட்டார். பிரம்புக்குச் சனி, மெத்தைக்கு ஞாயிறு. ஒரே பெட்டியை இரண்டு கட்சியும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே மீட்டுக்கொண்டிருந்தன.

"மெத்தைக் கட்சிக்கு யாரு தலைமை?"

"கேப்டன்னு சொல்லுவாங்க. எப்பவும் தொப்பி போட்டிருப்பார்." டீச்சர் எங்கோ பார்த்தார். "எங்க வீட்டுக்காரர்தான்."

அக்கா மகள் சும்மா எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

"பெட்டியைப் பத்தி வீட்டுல பேசறதில்லன்னு ஒப்பந்தம். பேசினா சாப்பாடு ஆறிடுது."

"அவர்மேல சந்தேகம் உண்டா?" என்றார் நிபுணர், குரலைத் தாழ்த்தி.

"அவரா? சே. பாவம், என் சீட் போனது அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு போல. ஒரு வார்த்தை கேக்கல. ஆனா ஒரு வாரமா சாயங்காலம் ஆனா அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுக்கறார். முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவை."

"அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமா இருக்கு" என்றாள் அக்கா மகள். நிபுணர் குறிப்பேட்டில் 'கணவர்: அன்பானவர்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அப்போது தலைவர் வந்தார். வந்தார் என்பதைவிட எழுந்தருளினார் எனலாம். மார்பில் சங்கத்தின் பதக்கம். அதை வடிவமைத்ததும் வழங்கியதும் பெற்றுக்கொண்டதும் அவரே.

"நிபுணரே, இது வெறும் இருக்கை அல்ல. ஒரு யுகத்தின் பிருஷ்டபாகம் அமர்ந்த பீடம்."

"புகார் எண்ணைக் குறிச்சுக்கோங்க" என்றாள் அக்கா மகள் தன்னையறியாமல்.

தலைவர் அவர்களை அறிவிப்புப் பலகைக்கு அழைத்துப் போனார். நாற்பத்தொரு சுற்றறிக்கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, பழைய பெயிண்ட் மாதிரி அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது எட்டு வாரத்துக்கு முந்தியது. 'பாரம்பரிய மரத்தின் மேனியில் சாக்பீஸால் வாக்கியங்கள் எழுதுவதை அங்கத்தினர்கள் தவிர்க்கவும். சாக்பீஸ் தூள் மரத்தின் ரேகைக்குள் புகுகிறது. முதல் எழுத்துப் போதும்.'

"என்னுடைய சிந்தனை" என்றார் தலைவர், யாரும் கேட்காமலே.

டீச்சர் பக்கத்தில் சாய்த்திருந்த ஒரு வளைந்த தேக்கு ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "இது அருமையான சட்டம், பத்திரமா இருக்கணும்" என்று சொல்லி, மடங்கிய விரல்களுக்கு நடுவே சாக்பீஸை இடுக்கி, மூலையில் சிரமப்பட்டு 'வே' என்று போட்டார். அந்த இரண்டு சுழிக்கு அரை நிமிடம் ஆயிற்று.

பக்கத்து அலமாரியில் பொக்கிஷங்கள் இருந்தன. அக்கா மகள் ஒரு துணிப்பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே, மூன்று கோட் வார்னிஷ் பளபளக்க, கரையான் முக்கால்வாசி தின்றுவிட்ட ஒரு பலகை.

"டீச்சர், இது என்ன, கரையானுக்கு நினைவு மண்டபமா?"

டீச்சர் வெட்கப்பட்டார். "எங்களுக்கும் புரியலம்மா. ஆனா குறி போட்டிருந்தது. போட்டவங்க விஷயம் தெரிஞ்சுதானே போட்டிருப்பாங்க. அதான் மெழுகு வச்சுத் துடைச்சு வச்சோம். நல்ல சாமான்தான் எட்டு வாரமா ஒண்ணொண்ணா காணாமப் போகுது, அந்தக் கட்சி எங்கயாவது எடுத்து வச்சிருக்கும்னு விட்டுட்டோம்."

நிபுணரின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போது அவர் வலது காதைத் திருகுவார். அன்று காது சிவக்கச் சிவக்கத் திருகினார். எட்டு வாரமாக நல்ல பொருள்கள் போகின்றன. மட்டமானவை தங்குகின்றன. பூட்டு அப்படியே இருக்கிறது. சாவி மெத்தைக் கட்சியிடம். ஆகவே மெத்தைக் கட்சிக்குள் ஒரு கறுப்பு ஆடு. வெளியூர் சேகரிப்பாளன் எவனுக்கோ கடத்துகிறான்.

"நாளை நாலு மணி" என்று அறிவித்தார். "இரண்டு கட்சியும் பெட்டிக்குள்ள கூடணும். குற்றவாளியும் அதுல இருப்பான். அங்கே வச்சு முகமூடியைக் கிழிக்கிறேன்."

தலைவரின் கண்கள் பனித்தன. "மைக் கொண்டுவரட்டுமா?"

"மாமா, நமக்கு இன்னும் குற்றவாளியே கிடைக்கலயே" என்றாள் அக்கா மகள் வெளியே வந்ததும்.

"அதுக்குத்தான் நாளைக்குக் காலையிலேயே போறோம். தொண்டர் வேஷத்துல."

*

கேப்டனுக்கு எழுபது வயது, நாற்பது வயதுத் தொப்பி. புதிதாக வந்த இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு கையும் வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க" என்றார் நிபுணர்.

"அப்ப அடுப்புப் பக்கம் போங்க."

கொட்டகைக்குப் பின்னால் ஓர் இரும்பு அடுப்பு, அதன்மேல் மூடிய பெரிய தண்ணீர் டிரம். டிரம்மிலிருந்து ஒரு குழாய், நீளமான மரக்கூண்டு ஒன்றுக்குள் போனது. கூண்டுக்குள் கூரைச் சட்டங்கள் நீராவியில் வெந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் வெந்தால் தேக்கு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் மாப்பிள்ளை மாதிரி இளகிவிடுமாம். உடனே எடுத்து அச்சில் வைத்து வளைத்தால் பெட்டியின் கூரைக்கு வில் போன்ற சட்டம் தயார். இடையில் தீ தணிந்தால் சட்டம் விரிசல் விட்டுவிடும்.

"தீ இறங்கவே கூடாது" என்றார் கேப்டன். "சுவரோரம் குவிச்சிருக்கறதெல்லாம் அடுப்புக்கு. போட்டுக்கிட்டே இருங்க."

நிபுணர் போட்டுக்கொண்டே இருந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு நெருப்பு பிடிக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதை வெளியே சொல்ல முடியவில்லை. ஒரு கண்ணால் தீயையும் மறுகண்ணால் மெத்தைக் கட்சியின் மூன்று அங்கத்தினர்களையும் பார்த்தார். ஒருவர் வழுக்கை, வழுக்கையர்களை அவர் எப்போதும் நம்புவதில்லை. மற்றொருவர் விசிலடித்தார். மூன்றாமவர் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் மிகவும் சந்தேகத்துக்குரியது. இப்படிப் பிற்பகல் மூன்றரை மணி வரை மூவரையும் மாறி மாறிக் குற்றவாளி ஆக்கியபடி, கையில் கிடைத்ததையெல்லாம் தீக்குக் கொடுத்தார். நடுவில் வளைந்த சட்டம் ஒன்று கைக்கு வந்தது. எங்கோ பார்த்த முகம் போல இருந்தது. போட்டார்.

"மாமா." அக்கா மகள் உப்புத்தாளும் கையுமாகப் பின்னால் நின்றாள். "இப்ப எதைப் போட்டீங்க?"

"விறகு."

"அது நேத்து டீச்சர் குறி போட்ட ஜன்னல்."

நிபுணர் இடுக்கியை எடுத்து, புருவத்தைப் பொசுக்கிக்கொண்டு, அதை வெளியே இழுத்தார். பாதி கரி. மிச்சப் பாதியின் மூலையில், சிரமப்பட்டு எழுதிய அந்த 'வே' அப்படியே இருந்தது.

அவள் சுவரோரக் குவியலிடம் போய்க் குந்தினாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பித்தளைக் கொக்கி வைத்த கதவுப் பலகை, 'வே'. சாமான் தட்டின் செதுக்கிய தாங்கி, 'வே'. மேஜைக்கால், 'வே'. எல்லாம் முதல் தரத் தேக்கு.

"கேப்டன் சார்" என்று கூப்பிட்டாள். குரலில் வழக்கமான குறும்பு இல்லை. "இதுல 'வே'ன்னு இருக்கே?"

"ஆமா. குறி போட்டது அடுப்புக்கு. எட்டு வாரமா அதான் முறை. முதல் எழுத்து மட்டும் போடச் சொல்லி தலைவர் சுற்றறிக்கை போட்டிருக்காரே, படிக்கல?"

"'வே'ன்னா?"

"வேண்டாம்" என்றார் கேப்டன். "வேற என்ன?"

அக்கா மகள் கையிலிருந்த மேஜைக்காலைக் கீழே வைத்தாள். பத்து வருடப் புகார்ப் பிரிவில் அவளுக்குப் பதில் கிடைக்காத முதல் புகார் அது. நிபுணரின் கை வலது காதுக்குப் போய், திருகாமலே இறங்கியது. இனி திருகுவதற்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமைக்காரர்கள் பத்திரப்படுத்த வேண்டியதற்கு 'வே' போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் அதை எரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் எரிக்க வேண்டியதற்கு 'வே' போட்டார்கள். சனிக்கிழமைக்காரர்கள் அதற்கு வார்னிஷ் அடித்துத் துணியில் சுற்றினார்கள். எட்டு வாரமாக இரண்டு கட்சியும் மனமொத்து, மிகுந்த ஈடுபாட்டுடன், பெட்டியிலிருந்த நல்லதையெல்லாம் கொளுத்திக் கெட்டதையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்தன. குறி இல்லாமல் தப்பியது பழுதான ஒரே ஓர் இருக்கை. திருடன் ரசிகனும் இல்லை, கிசிகனும் இல்லை. திருடனே இல்லை.

நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன வாரம்... பிரம்பு சீட்டு ஏதாவது..."

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். அன்று முழுக்க அவர் அதைக் கழற்றியது அப்போதுதான்.

"வந்து பார்க்கறேன், முப்பத்தொரு சீட்டும் சுவரோரமா வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணுலயும் அவ கையெழுத்துல 'வே'. அவ ஒரு விஷயத்துல விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லங்க. எனக்காக, இந்தச் சண்டை ஓயட்டும்னு, மூணு வருஷ வேலையைத் தன் கையாலயே வேண்டாம்னு எழுதி வச்சிருக்கா."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் அக்கா மகள்.

"என்னன்னு கேக்கறது? விட்டுக்கொடுத்தவகிட்டப் போய், விட்டுக்கொடுத்துட்டியான்னு குத்திக் காட்டறதா? ஜெயிச்சவன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்." தொப்பியை விரலில் சுற்றினார். "போட்டு வச்சிருந்தா சனிக்கிழமை சனிக்கிழமை அவ கண்ணுல படும், மனசு கஷ்டப்படும். அதனால வேற யாரையும் தொட விடல. நானே ஒண்ணொண்ணா அடுப்புல வச்சேன். அன்னைக்கு நல்ல தீ. எட்டு சட்டம் வளைச்சோம். வீட்டுக்குப் போய் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். என்னால வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

நிபுணருக்கு இருபது வருட அனுபவத்தில் எத்தனையோ விழுந்தவர்களைத் தெரியும். விழப்போவது தெரியாமல் படியின் விளிம்பில் நின்று புன்னகைக்கிற ஒருவரைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. கையை நீட்டினால் பிடிக்கலாம் என்று தோன்றியது. எந்தப் பக்கம் நீட்டுவது என்றுதான் தெரியவில்லை. இவரிடம் சொல்லாவிட்டால் டீச்சர் சாகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொன்னால் இனி அந்த வீட்டில் டீ கிடையாது.

"மாமா" என்று காதோரம் கிசுகிசுத்தாள் அக்கா மகள். "நாலு மணிக் கூட்டத்தை ரத்து பண்ணிடலாமா?"

"பண்ணிடலாம்" என்றார் நிபுணர், உயிர் வந்ததுபோல. மணி பார்த்தார். மூன்று ஐம்பத்தைந்து. முன்பக்கத்தில் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தலைவரின் குரல் யுகங்களை எழுப்பிக்கொண்டிருந்தது.

*

பெட்டிக்குள் உட்கார இருக்கை இல்லாததால் எல்லோரும் பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு இரண்டு கட்சியும் ஒரே கூரையின்கீழ். சனி இடதுபுறம், ஞாயிறு வலதுபுறம். டீச்சருக்கு மட்டும் யாரோ அந்த முப்பத்திரண்டாவது இருக்கையைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, "அது ஒண்ணு எப்படி விட்டுப்போச்சு?" என்று வழுக்கையரிடம் முணுமுணுத்தார்.

நிபுணர் நடுவில் நின்றார். பொசுங்கிய புருவம், கையெல்லாம் கரி. முந்தின இரவு கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வாக்கியம் தானாகவே வாயிலிருந்து வந்துவிட்டது.

"குற்றவாளி இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கான்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நிபுணர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். டீச்சர். கேப்டன். வார்னிஷ் அடித்தவர்கள். விறகு போட்டவர்கள். மார்பில் பதக்கத்துடன் தலைவர். ஜன்னல் கண்ணாடியில் அவருடைய சொந்த முகம். வாக்கியம் பொய்யில்லை. அடுத்த வாக்கியம்தான் இல்லை.

"அதை விடுங்க" என்றார் டீச்சர். "யாருன்னு எனக்கு வேணாம்னு சொன்னேனே. சீட்டு எங்க இருக்கு? அதைச் சொல்லுங்க."

நிபுணர் விரலை நீட்டி மேலே காட்டினார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைக்குமேல் புதிதாக வளைத்த எட்டுக் கூரைச் சட்டங்கள் வரிசையாக, அழகாக, வில்லாகப் போயின.

அதன்பிறகு அவர் சொன்னது ஐந்தே வாக்கியம். ஒத்திகை பார்க்காத வாக்கியங்கள். தலைவர் நீட்டிய மைக்கை அக்கா மகள் வாங்கி அணைத்துவிட்டாள். ஒரே எழுத்து, இரண்டு சொல் என்று சொல்லி முடித்தபோது உப்புத்தாள்கூட உரசவில்லை. சனிக்கிழமைக்காரர் ஒருவர் தாம் மெழுகு தேய்த்த கரையான் பலகையை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கேப்டன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். டப்பா சரியாக இல்லாததால் சரிந்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ விட்டுக்கொடுத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் எப்ப விட்டுக்கொடுத்திருக்கேன்?" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரி.

"அதான். முதல் தடவைன்னு நெனச்சுட்டேன். அதான் டீ..."

டீச்சர் தாம் உட்கார்ந்திருந்த பிரம்பை விரல் முட்டியால் தடவினார். பிறகு, "முப்பத்தொண்ணும் நீயேதான் வச்சியா?" என்றார். கூட்டத்தில் கணவரை 'நீ' என்று அவர் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"ஆமா."

"அப்ப ஒவ்வொண்ணையும் பார்த்திருப்பே."

"பார்த்தேன்."

"நல்லா இருந்ததா?"

கேப்டன் தலையை ஆட்டினார். "ரொம்ப நல்லா இருந்தது. வைக்கவே மனசு வரல."

டீச்சர் மறுபடி அண்ணாந்து சட்டங்களைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணினார். "எட்டுக்கு முப்பத்தொண்ணு. ஒண்ணுக்கு நாலு வீதம்கூட வரல" என்றார். கேப்டன் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். உட்காரவும் இல்லை, தொடவும் இல்லை. யாராவது திருடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நிபுணருக்குத் தோன்றியது. திருடனிடம் பேரம் பேசலாம், காலில் விழலாம், போலீஸ் என்று மிரட்டலாம். சாம்பலிடம் என்ன பேசுவது.

அப்போது தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கி, தட்டி, உயிர்ப்பித்தார்.

"அன்பர்களே! துயரம் நம்மைத் துவளச் செய்யாது. இந்தச் சங்கம் கைகட்டி வேடிக்கை பார்த்ததாக நாளைய வரலாறு சொல்லக் கூடாது. குறை எங்கே என்று கண்டுகொண்டேன். ஓர் எழுத்து போதவில்லை! எனவே சுற்றறிக்கை எண் நாற்பத்திரண்டு, இந்த நொடி முதல் அமலுக்கு வருகிறது. இனி எந்தப் பொருளிலும் முதல் எழுத்தோடு கடைசி எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும். மரத்துக்கும் சேதமில்லை, குழப்பத்துக்கும் இடமில்லை. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு கட்சியும் ஒரே விஷயத்துக்குக் கை தூக்கின. கேப்டன் மற்றவர்களைவிட உயரமாகத் தூக்கினார். எதற்கு என்று தெரியாமலே நிபுணரும் கரிக்கையைத் தூக்கினார். டீச்சர் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைக் கொண்டுபோனார். தலைவர் அதையும் எண்ணிக்கொண்டு, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக அறிவித்தார்.

'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டுக்கும் கடைசி எழுத்து 'ம்'.